ஈரப்பதம் பதினேழு

பாமணியாற்றின் வடகரைக் கொள்முதல் நிலையத்தில்
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
என் கையில் ஒரு கருவி.
ஒரு பிடி நெல்லைப் போட்டுத் திருகினால்
எண் சொல்லும்.
பதினேழுக்குள் என்றால் நெல்.
மேலே போனால்
களத்தில் கிடக்கும் ஒரு பிரச்சினை.

புரட்டாசி. லாரி வந்து ஒன்பது நாள்.
குவியல்களுக்கு நடுவே தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு
இரவெல்லாம் பேசுகிறார்கள்.
கொசு அதிகமானால்
பேச்சு கடவுள் பக்கம் போய்விடுகிறது.

"போட்டவன் ஒருத்தன் இல்லாமலா இது முளைக்குது?"
என்றாள் தையல்நாயகி.
"போட்டது நீ. வேளாண் கிடங்குல வாங்கி,
கோ ஐம்பத்தொண்ணு, ரசீதுகூட இருக்கும்"
என்றான் மணவழகன்.
யாரோ இருட்டில் சிரித்தார்கள்.
"சரி, முதல் விதை?"

அவன் பீடியைப் பற்றவைத்தான்.
பற்றவைத்து முடித்த பிறகு சொன்னான்:
"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்.
தெரியாத எடத்துக்கெல்லாம் பேர் வச்சு
கற்பூரம் காட்டக் கூடாது."
"தெரியாத எடத்துல கும்பிடாம
தெரிஞ்ச எடத்துலயா கும்பிடுவாங்க?"

கஜாப் புயலில் ஊரே சாய்ந்தபோது
கோயில் சூலம் மட்டும் நிமிர்ந்து நின்றதை
அவள் எடுத்தாள்.
அது ஆறடி ஆழத்தில் ஊன்றிய இரும்பு,
கரண்டுக் கம்பத்தையும் அப்படி ஊன்றியிருந்தால்
இருபது நாள் இருட்டில் கிடந்திருக்க மாட்டோம்
என்று அவன்.

நான் இருவருடைய சிட்டாவையும் பார்த்தவன்.
இருவருக்கும் ஒரே நிலச் சொந்தக்காரர்.
உரிமையாளர் பெயர்: அருள்மிகு கைலாசநாதர்.
தகப்பனார் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கோடு.
இல்லாதவருக்கு
இருபத்திரண்டு வருடமாகக் குத்தகை அளக்கிறான் மணவழகன்,
ஒரு மரக்கால் பாக்கியில்லாமல்.
இருக்கிறவருக்கு
மூன்று போகம் பாக்கி வைத்திருக்கிறாள் தையல்நாயகி.
("அவர் எங்க கேட்டாரு? ஆபீஸ்தானே கேக்குது.")

பின்னிரவில் தெற்கே மின்னியது.
காற்றில் எத்தனை சதவீதம் என்று
கருவி இல்லாமலே தெரிந்தது.
எல்லோரும் எழுந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம்.
மணவழகன் பிடித்தது அவளுடைய தார்ப்பாயின் முனை.

மழை ஆற்றுக்கு அந்தக் கரையோடு நின்றுவிட்டது.
இங்கே பதினோரு துளி. எண்ணினேன்,
தொழில் பழக்கம்.

"பாத்தியா" என்றாள், கை கூப்பியபடி.

அக்கரையிலும் ஒரு நிலையம்.
அறுநூறு மூட்டை திறந்தவெளியில்.
அங்கேயும் யாரோ ஒருத்தி
இப்படித்தான் கும்பிட்டிருப்பாள்.
அவன் அதைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பான்.

கூப்பிய கை மெல்லப் பிரிந்தது.
"என் தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்கு"
என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.
அவன் பீடிக்கட்டை எடுத்து,
திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான்.

விடிந்ததும் அவள் நெல்.
பதினேழு புள்ளி எட்டு.
மறுபடி போட்டேன். பதினேழு புள்ளி எட்டு.
பட்டியலில் பதினேழு என்று எழுதினேன்.
மூட்டைக்கு நாற்பது என்று
வழக்கமாக நீளும் இடதுகை
அன்றைக்குச் சட்டைப்பைக்குள்ளேயே கிடந்தது.

"அவர்தான் தம்பி கையைப் பிடிச்சாரு" என்றாள்.
"மனுஷன் பண்ணினதை மனுஷன் கணக்குல எழுது" என்றான்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

பேட்டரியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டேன்.

அடுத்தது அவனுடையது.
பதினெட்டு புள்ளி இரண்டு.
பேனா காகிதத்தின் மேல் நின்றது.
தையல்நாயகி கண்ணை மூடி
வாய்க்குள் ஏதோ சொன்னாள்.
மணவழகன் அதைப் பார்க்காதவன்போல
காலிச் சாக்குகளை
ஒன்று, இரண்டு என்று
எண்ணிக்கொண்டிருந்தான்.