இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

பதினோராம் அத்தியாயத்தில்
என் டிராகன் மூன்று வாரமாகப் பட்டினி.
எல்லாம் மல்லேயால் வந்தது.

ஹீயுமா தீவுக்குக் கார்களை ஏற்றிப்போகும் கப்பலில்
நான் காபி ஊற்றுகிறேன்,
அவள் பட்டாணி சூப் காய்ச்சுகிறாள்.
ஒரு மதியம் ஈரக் கையோடு
என் கதையை எடுத்துப் படித்துவிட்டு
"இது வாரத்துக்கு எத்தனை ஆடு தின்னும்?" என்றாள்.
"பன்னிரண்டு." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
"ஊரில் எத்தனை வீடு?"
"நாற்பது."
கரண்டி கழுவியபடியே கணக்குப் போட்டாள்.
"பனிக்காலம் முடிவதற்குள்
உன் ராஜ்ஜியம் திவால், இங்கெல்."

அன்றிலிருந்து
மந்திரவாதிகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு
வைக்கோல் விலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது.
எழுதுவது பில் சுருளின் பின்பக்கத்தில்.
ஓர் அத்தியாயம் ஏறக்குறைய நான்கு மீட்டர்.
தம்பி ஆர்வோ அப்படித்தான் கேட்பான்:
"ராணி சாக இன்னும் எத்தனை மீட்டர்?"
வரைபடம் பேப்பர் நாப்கினில்.
லாரி ஓட்டுகிற ஒருவர் அதன்மேல் கோப்பையை வைத்து எடுத்தார்;
வடக்கே வட்டமாய் ஒரு கடல் பிறந்தது.
பெயர் வைத்தேன். இரண்டு துறைமுகம் கொடுத்தேன்.
மறுபடி வந்தால்
ஒரு தீவும் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பிடித்த கதைகள் எவை என்றால்
பாதிக்குப் பெயர் தெரியாது.
நூலக வண்டியில் வந்த ஒன்றுக்கு அட்டை இல்லை,
கடைசிப் பதினேழு பக்கமும் இல்லை.
ஆற்றின் நடுவில் ஓநாய் நின்று
திரும்பிப் பார்க்கிறது,
அதோடு சரி.
ஒன்பது வயதில்
உருளைக்கிழங்கு நிலவறையில் டார்ச் அடித்துக்கொண்டு
அதைக் கரையேற்றினேன்.
மறுநாள் மூழ்கடித்தேன்.
அதற்கு மறுநாள் ஆற்றையே வற்றவைத்தேன்.
ஓநாய் இன்னும் என்னைத்தான் பார்க்கிறது.

கதவைத் திறக்கப் பிறந்தவன் வராமல் போக
அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறவள்
போகிறபோக்கில் திறந்துவிடுகிற கதை.
உப்பு வியாபாரி தன் நிழலை அடகு வைத்து
மீட்க மறந்துபோகிற கதை.
பிறகு, நாலு வயதில் ஆர்வோ சொன்னது:
"ஒரு கரடி இருந்தது. அதற்கு வேலை இருந்தது."
தொடங்கிய இடத்திலேயே முடிகிறது.
இன்றுவரை என்னால் அதை மிஞ்ச முடியவில்லை.

டாலினிலிருந்து பதிப்பகத்துக்காரர் எழுதினார்:
உலகம் நன்றாக இருக்கிறது,
மந்திரத்துக்குத்தான் விதிகள் போதவில்லை,
வாசகர் நம்ப வேண்டாமா?
மூன்று மீட்டருக்கு விதி எழுதினேன்.
படித்துப் பார்த்தால்
நீச்சல் குளத்து அறிவிப்புப் பலகை.

பிப்ரவரியில் கடல் உறைந்தது.
பல வருஷம் கழித்துப் பனிச்சாலை திறந்தார்கள்.
விடுமுறை நாள், மல்லேயின் ஓட்டை வேன்,
நான், ஆர்வோ, மடியில் பதினோராம் அத்தியாயம்.
கரையில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆள்
சாண்ட்விச் மென்றுகொண்டே சொன்னார்:
பெல்ட் போடாதீர்கள்.
நிற்காதீர்கள்.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள்,
இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
நடுவில் மட்டும் வேண்டாம்.

"நடுவில் போனால்?"
"அடியில் அலை எழும்பும், தம்பி.
உன் கூடவே வரும்.
உனக்கு முன்னால் போய்ப் பனியை உடைக்கும்."

நம்பலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.
மூன்று பெல்ட்டும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

வழிநெடுக ஜூனிப்பர் கிளைகள் நட்டிருந்தார்கள்.
அவற்றுக்கு அப்பால் எங்கும் வெள்ளை.
டயருக்குக் கீழே ஏதோ
புரண்டு படுப்பதுபோல் முனகியது.
ஆர்வோவின் கண் முள்ளைவிட்டு நகரவில்லை.
இருபத்துமூன்று. இருபத்துநான்கு.
கையுறையைக் கழற்றிப் பேனா தேடினேன்,
மை உறைந்திருந்தது.

"மல்லே,
இது வாரத்துக்கு எத்தனை ஆடு தின்னும்?"

அவள் திரும்பவில்லை.
"பேசாதே.
இருபத்துநாலு."