வராத இருவர்

போர்ட் லூயிஸில், மூன்றாம் மாடியில்,
ஆறாம் எண் ஜன்னல் என்னுடையது.
கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில்
பிழை பார்ப்பது பிழைப்பு.
மேல் வரியில் நாட்டின் பெயர்.
அதற்கு நேர் கீழே குடும்பப் பெயர்.
பன்னிரண்டு வருஷமாக
இரண்டுக்கும் நடுவிலுள்ள
அரை விரல் வெள்ளையில் குடியிருக்கிறேன்.

மேல் வரி ஒரு டச்சு இளவரசனுடையது.
அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.
அவன் ஊர்க் கப்பல்கள் சில
கரை ஒதுங்கித் தண்ணீர் பிடித்தன,
பறக்கத் தெரியாத பறவையை அடித்துத் தின்றன,
போகிற போக்கில்
அவன் பெயரை வைத்துவிட்டுப் போயின.
பிரெஞ்சுக்காரன் வந்து அதை அழித்தான்.
இங்கிலீஷ்காரன் வந்து மறுபடி எழுதினான்.
இளவரசன் செத்து
நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.
ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

பக்கத்து ஜன்னல் மரீ-ஆன்ஜ் ரொட்ரீக் தீவுக்காரி.
"எங்கள் ஆள் மாலுமி,
தூரத்திலிருந்தாவது பார்த்தான்" என்பாள்,
சொத்துத் தகராறில் ஜெயித்தவள் மாதிரி.
சேஷெல்ஸ்காரர் யாராவது வந்தால்
எங்களுக்குச் சிரிப்பு அடங்காது:
அத்தனை பவளமும் அத்தனை ஆமையும்
பாரிஸில் கணக்குப் பார்த்த
ஒரு மந்திரி பெயரில்.
பிலிப்பைன்ஸ் மாலுமி நீட்டுகிற ஏட்டில்
ஸ்பெயின் ராஜா ஒருவர்
ஏழாயிரம் தீவில்
ஒன்றில்கூடக் கால் நனைக்காமல்
உட்கார்ந்திருப்பார்.

போன வியாழக்கிழமை கிராண்ட் கோபிலிருந்து
ஜீவரத்தினம் வந்தார், மீன்காரர்.
சட்டையில் உப்பு.
பிளாஸ்டிக் பையில்
மோக்கா ஆவணக் காப்பகத்து நகல் ஒன்று.

"குடும்பப் பெயரில் ஓர் எழுத்து தப்பு.
உலகநாதென் என்று இருக்கிறது.
நாங்கள் உலகநாதன்."

நகலை வாங்கிப் படித்தேன்.
பெயர்: சடையன்.
வயது இருபத்திரண்டு.
உயரம் ஐந்தடி இரண்டு.
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
தகப்பன் பெயர்: உலகநாதன்.

இன்னொரு தரம் படித்தேன்.

"கப்பலில் வந்தது சடையன்.
உலகநாதன் ஊரிலேயே இருந்துவிட்டார்."

அவர் எட்டிப் பார்த்தார்.
விரல் நகம் ஒவ்வொரு வரியாய் இறங்கியது,
வலையில் கிழிசல் தேடுவதுபோல.

உலகத்துக்கே நாதன்,
ஒரு கடலைத் தாண்டவில்லை.
தாண்டியவன்,
கரும்புக் காட்டில் கல் பொறுக்கிக்
கோபுரமாய்க் குவித்தவன்,
இங்கேயே வெந்து சாம்பலானவன்,
மேல் வரியிலும் இல்லை
கீழ் வரியிலும் இல்லை.

ஆயோ, என்றாள் மரீ-ஆன்ஜ்.
அதுவும் எங்கள் சொல்தான்;
எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல்
கப்பலேறி வந்து
கிரியோல் வாய்களில் பிழைத்துக்கொண்டது.

"என்ன செய்யலாம்?" என்றார்.
சடையன் என்று மாற்றலாம்தான், என்றேன்.
சத்தியப் பத்திரம், வக்கீல்,
அரசிதழில் அறிவிப்பு, பத்திரிகையில் விளம்பரம்,
பிள்ளைகள் பெயரும், அவர்கள் பிள்ளைகள் பெயரும்.
அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சரி, இந்த அன், என்?"

பிரெஞ்சு வாய்க்கு அன் வரவில்லை ஐயா.
வந்ததை எழுதி வைத்தான்.
சொல்லிவிட்டு நானே ஒரு கணம் நின்றேன்.
அவன், அவன் என்று முடிந்திருக்க வேண்டிய பெயரை
என், என் என்று
எங்கள் எல்லார் வீட்டுக் கதவிலும்
முடித்து வைத்திருக்கிறான்,
தமிழ் தெரியாத ஒரு குமாஸ்தா.

ஜீவரத்தினம் நகலை மடித்தார்.
அவசரமில்லாமல் கேட்டார்:
"படகுக்குப் பெயர் மாற்ற
எத்தனை படிவம்?"

ஒன்று. இங்கே இல்லை,
மீன்வள அலுவலகத்தில்.
நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

மூன்று நாற்பது.
மின்தூக்கி வேலை செய்யவில்லை.
படிகளில் அவர் செருப்புச் சத்தம்
இரண்டிரண்டாய் இறங்கிப் போனது.