குறுக்குவழி

அல்சூரிலிருந்து சாஸ்கட்சுவானுக்குக் குறுக்குவழி
நேர் வடக்கு.
எழுபத்தெட்டும் நூற்றிரண்டும் நூற்றெண்பது.
உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறேன்,
துருவத்தின் உச்சி வகிட்டில் போகிறது என் குரல்.

காலை ஆறு. கரண்ட் போயிருக்க வேண்டும்.
போனால்தான் தெருவின் எல்.இ.டி. பல்புகளும்
நஞ்சப்பா வீட்டு மோட்டாரும் வாயை மூடும்.
எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் அவர் தென்னைக்கும் நடுவே
யாரும் துணி காயப்போடாத ஒரு கம்பி.
பழைய ஸ்கூட்டர் பேட்டரி. ஒரு பெட்டி. நான்.

அந்தப் பக்கம் ஒரெஸ்ட்.
கோதுமைக்காரர். அவருக்கு இன்னும் நேற்று மாலை.
தமயந்தி நாக்கில் ஏறாமல் "டாமா" என்பார்.
மைனஸ் முப்பத்தொன்று என்பார்,
நாம் கொஞ்சம் வெயில் என்பதுபோல.

சங்கராந்தி வாரத்தில் அவர் குரல் நடுங்கியது.
ஓடும் ஃபேனுக்கு முன்னால் வாய் திறந்து நிற்கும்
குழந்தையின் குரல்.
ஈயப்பற்று விட்டிருக்கும் என்று
பெட்டியை மூன்று முறை திறந்தேன்.
எஸ்.பி. ரோட்டில் நாற்பது ரூபாய்க்கு ஒரு கெப்பாசிட்டர்.
கட்டைவிரலில் சூடுபட்டதுதான் மிச்சம்.

"பெட்டியை விடு," என்றார். "வாசலில் வந்து பார்த்தேன்.
வானம் பச்சையாகக் கிடக்கிறது.
நாய்கள் உள்ளே வரமாட்டேன் என்கின்றன. ஓவர்."

சூரியன் எதையோ உதறியிருக்கிறது.
நூறு கிலோமீட்டர் உயரத்தில்,
காற்று என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லாத இடத்தில்,
துருவத்தைச் சுற்றி ஒரு திரை படபடக்கிறது.
அதில் பட்டு இறங்கும் சொல்
பல துண்டாகி, கால் முந்தி தலை பிந்தி
வந்து சேர்கிறது.

பிறகு கேட்டார்:
"டாமா, அழுகிறாயா?"

"துருவம்," என்றேன்.
பொய்யில்லை அது. பாதி.

அடுத்த மூன்று நாள் வடக்கு அடைத்துக்கொண்டது.
சிங்கப்பூர் கணீரென்று வந்தது.
மொம்பாசாக்காரர் இங்கே வெங்காயம் என்ன விலை என்று கேட்டார்.
ஒரெஸ்ட் இருந்த இடத்தில் இரைச்சல்கூட இல்லை.
கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்திருந்தேன்.

அந்த மூன்று நாளும்
எட்டரைக்குக் கிளம்பி ஏரியைச் சுற்றினேன்.
அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்,
கயிறு மட்டும் கழுத்தில்.
நுனி தெரியாமல் துப்பட்டாவுக்குள்.
ராணுவ மதிலோரம் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
எலுமிச்சை சாதம். நன்றாகத்தான் இருந்தது.
ஆறரைக்கு வீடு வந்து
ஒயிட்ஃபீல்டு டிராஃபிக்கைத் திட்டினேன்.

நான்காம் நாள் வானம் ஆறிவிட்டது.
பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல ஒரெஸ்ட்.
அவர் சமையலறைக் கடிகாரம்கூடக் கேட்டது.
என் குரலும் அங்கே அப்படித்தான் கேட்டிருக்கும்.
பழியை ஏற்றிவைக்க மேலே ஒன்றுமில்லை.

"இப்போது சொல்," என்றார்.

பதினோரு வருஷம் என்றேன்.
பதினைந்து நிமிட அழைப்பு என்றேன்.
அந்தப் பெண் கேமராவை அணைத்து வைத்திருந்தாள்,
என் பெயரைத் தப்பாகச் சொன்னாள்,
உங்களைவிடத் தப்பாக என்றேன்.

அந்நேரம் கரண்ட் வந்தது.
நஞ்சப்பா மோட்டார், தெருவிளக்கு, வார்டிலுள்ள அத்தனை சார்ஜரும்
ஒரே வாயாக.

"டாமா, பாதிதான் வந்தது. திரும்பச் சொல். திரும்ப."

கத்தினேன்.
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் போதுமான சத்தத்தில்,
ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்து,
வேலை போயிடுச்சு என்று,
மைக்கை வாயோடு அழுத்திக்கொண்டு,
இரண்டு முறை.

அங்கே போனதா, தெரியவில்லை.

கீழே குக்கர் இரண்டாவது விசிலில் நின்றது.
நஞ்சப்பா மோட்டாரை யாரோ அணைத்தார்கள்.
மாடிப்படியில் செருப்பில்லாத கால்.
மொத்தமே பதினான்கு படி.
நின்று நின்று வருகிறது.