ஜீரோ கேட் வரிசையில் ஐந்தாம் செமஸ்டர்

எண்ணூர் விரைவுச் சாலையில்
கடைசி லாரிக்குப் பின்னால் என் லாரி.
முன்னால் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுவதை
முதல் செமஸ்டரிலேயே விட்டுவிட்டேன்.

ஸ்டியரிங் மேல் பரீட்சை அட்டையை வைத்தால் மேசை.
கேபின் விளக்குக்கு மஞ்சள் காமாலை,
அதனால் நெற்றியில் ஒரு டார்ச்.
தேய்மானக் கணக்கு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு:
ஓர் இயந்திரத்தின் விலை எட்டு லட்சம்,
ஆயுள் பத்தாண்டு,
ஆண்டுக்கு எவ்வளவு கழிப்பாய்?
வலது முழங்காலை ஒருமுறை
நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

மாலைக் கல்லூரி ஆறு மணிக்கு.
வருகை எழுபத்தைந்து விழுக்காடு வேண்டும்.
கப்பல் வந்த நாளெல்லாம் நான் வராத நாள்.
"அறுபத்தெட்டுதான் இருக்கு, சார்" என்றார் பவித்ரா மேடம்.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்,
சார் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.
அபராதம் கட்டி
மருத்துவச் சான்று வைத்தால் போதுமாம்.
என்ன நோய் என்று போடட்டும், கேட்டார் டாக்டர்.
டிராஃபிக் என்றேன்.
சிரிக்காமல், விஷக் காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சுற்றுச்சூழல் கட்டாயப் பாடம்.
மாசடைந்த ஓர் இடத்துக்குக் களப்பயணம் போய்ப்
பத்துப் பக்கம் எழுத வேண்டும்.
நான் எங்கும் போகவில்லை,
கண்ணாடியை இறக்கினேன்.
சாம்பல் தானாக வந்து தாளில் உட்கார்ந்தது.
ஊதி ஊதி எழுதினேன்.
பத்துக்கு ஆறு.
'நேரடி அனுபவம் போதவில்லை' என்று
ஓரத்தில் சிவப்பு மை.

விருப்பப் பாடத்துக்கு மூன்று பெயர் போட்டிருந்தார்கள்.
இரண்டுக்கு ஆள் சேரவில்லை.
மூன்றாவது எல்லோருக்கும் விருப்பமாகிவிட்டது.

இறால் கம்பெனியிலிருந்து வந்து
விரல் நுனிகளை எலுமிச்சைத் தோலால் தேய்த்தபடி
ரெஜினா கேட்டாள்:
"நாப்பத்திரெண்டு வயசுல இன்னாத்துக்குய்யா பி.காம்?"
அவளுக்கு அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை.
கேட் ஆபீசில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
மேலே ஒரு ஃபேன்,
வரிசையில் நிற்காமல்
வரிசைக்குச் சீட்டுக் கிழிக்கிறவனின் நாற்காலி.
சொல்லியிருந்தால்
அதற்கும் ஒரு வரிசை இருக்கும் என்பாள்.

முன்பெல்லாம் எப்போது நகரும் என்றிருக்கும்.
இப்போது பாதிக் கணக்கில் ஹாரன் கேட்டால்
வயிற்றில் புளி கரைகிறது.
இரு, இரு,
இந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போகட்டும்,
அப்புறம் இந்தத் துறைமுகம் திறக்கட்டும்
என்று வேண்டிக்கொள்கிற ஒரே டிரைவர்
இந்தச் சாலையிலேயே நானாகத்தான் இருப்பேன்.

முந்தாநாள் அடக்கவிலைக் கணக்கியல் பரீட்சை,
இரண்டிலிருந்து ஐந்து வரை.
ஒரு மணிக்கு நான் வரிசையின் நட்டநடுவே.
முன் லாரி ஜிலானி பாயுடையது.
சாவியை அவர் கையில் திணித்தேன்.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை,
"ரெண்டாவது கியர் மாட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.
ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டை.
ஹால் டிக்கெட்டின் என் முகத்தில்
என் கட்டைவிரல் கிரீஸ்.
முப்பத்தொரு பக்கம் எழுதினேன்.

திரும்பி வந்தால்
விட்ட இடத்தில் வண்டி இல்லை.
நெஞ்சு ஒரு நொடி நின்று, பிறகு நடந்தேன்.
பதினோரு லாரி தூரம் முன்னால் நின்றிருந்தது.
தன் வண்டியை நகர்த்தி, பிரேக் போட்டு,
குதித்து, ஓடிவந்து, என் வண்டியில் ஏறி,
அதையும் நகர்த்தி, மறுபடி குதித்து,
மூன்று மணி நேரம்.
லுங்கி முதுகு எல்லாம் வியர்வை.
என் மாதிரி வினாத்தாளின் பின்பக்கத்தில்
நகர்ந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு,
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று.
"பதினொண்ணு. சரியா இருக்கா பாத்துக்கோ."

சரியாக இருந்தது.
எனக்குத்தான் கடைசிக் கணக்கில்
முந்நூற்று நாற்பது ரூபாய் இடித்தது.

"அடுத்தது எப்போ?"
சனிக்கிழமை என்றேன்.
முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்,
"காலையிலயா, மதியானமா?"