கல்லாருக்கு மேலே

கல்லார் தாண்டினால் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும்.
அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றுவிடும், வழக்கமாக.
அன்றைக்கு நிற்கவில்லை.
வெலிங்டனில் படிக்க வந்த வெளிநாட்டு மேஜர்கள்
முன்பெட்டி முழுக்க.
நான் பெட்டியின் நெற்றியில்.
இரண்டு கொடி, ஒரு பிரேக் சக்கரம்.

பெரிய நாட்டுக்காரர் சொன்னார்:
"யாராவது முன்னால் போயாக வேண்டும்.
கப்பல் எங்களுடையது. வானத்தில் சுற்றும் கண் எங்களுடையது.
பதினோரு பேர் கூடி ஓட்டெடுத்து முடிப்பதற்குள்
ஊர் எரிந்து முடிந்திருக்கும்."

தீவு நாட்டுக்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
தோலை வெளியே வீசாமல் சட்டைப் பையில் போட்டார்.
"உன் தலைவர் தப்புச் செய்தால்
உன் ஜனம் தேர்தலில் மாற்றிக்கொள்ளும்.
அந்தத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லையே."

"புயலில் உன் துறைமுகத்துக்கு
முதலில் வந்தது யார் கப்பல்?"

ஒரு சுளை வாய்க்குள் போகும் நேரம்.
"உன்னுடையதுதான். இன்னும் போகவில்லை."

அவர்கள் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும்.
மீதி வேறு வழியில் தெரியும்:
கண்டித் தோட்டத்திலிருந்து கோத்தகிரித் தோட்டத்துக்கு
அப்பாவை மாற்றி நட்டது ஒரு ஒப்பந்தம்.
இரண்டு பக்கமும் ஓட்டு வாங்கி வந்த அரசுகள்.
அப்பாவை யாரும் கேட்கவில்லை.
கப்பல் மட்டும் நேரத்துக்கு வந்தது.

ஹில்குரோவுக்கு மேல் மூட்டம்.
வளைவில், தண்டவாளத்தின் நடுவே, ஒற்றைக் காட்டெருமை
தன் பாட்டுக்கு ஈரக்கல்லை முகர்ந்தபடி.
சிவப்பைக் காட்டினேன்.
அடுத்த பெட்டியில் ஜோகி காட்டினான்,
அதற்கடுத்து மரியசெல்வம்.
ரயில் பெருமூச்சு விட்டு நின்றது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "எஞ்சின் எங்கே?"
"பின்னால், சார். ஏறும்போது தள்ளும்.
டிரைவருக்கு வழி தெரியாது, எங்கள் கொடிதான் தெரியும்."
தீவுக்காரர் சிரித்த சிரிப்பில்
எருமையே திரும்பிப் பார்த்தது.

"நேற்று இறங்கும்போது முன்னால் இருந்ததே?"
"அது பாரத்தைத் தாங்க, சார்."
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"சரி. கொடி இல்லாவிட்டால் எஞ்சின் குருடு.
எஞ்சின் இல்லாவிட்டால்
நீ கல்லாரிலேயே நின்று கொடி ஆட்டிக்கொண்டிருப்பாய்."
தலையாட்டினேன். உண்மைதானே.

எருமை போனது. பச்சை காட்டினேன்.
வண்டி நகர்ந்தபின் தீவுக்காரர் என் பக்கம் வந்து
பிரேக் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.
என் கை தேய்த்துத் தேய்த்து அந்த ஓரம் வெள்ளி.
"நீ இறுக்கிப் பிடித்தும்
அவன் தள்ளிக்கொண்டே இருந்தால்?"

பிடித்தால் எஞ்சினுக்குத் தெரியும், சார், என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை,
ஆடர்லிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
டிரைவர் ராயப்பனைக் கேட்டால்
அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பார்.