பதினேழு புள்ளி

கானாடுகாத்தான் வீட்டை அளந்து வரச் சொல்லி
தேவகோட்டை நீதிமன்றம் என்னை அனுப்பிய அன்று
வளவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
ஒன்பது நாள் வாடகை.
அந்தப் பணத்தில்தான்
இரண்டு தரப்புக்கும் வக்கீல் கூலி.

"முந்நூற்றைம்பது வருஷத்துப் பாட்டுக்கூத்து சார்,
அரசன் முன்னால் ஆடுகிற வகை" என்றான் சேவுகன்,
அவர்களுக்குத் தாள் புரட்டுகிற உள்ளூர்ப் பையன்.
அரசனுக்குத்தான் முதல் வாழ்த்து.
அரசன் இல்லை.
ரங்கூன் தேக்கு நாற்காலியைப் பார்த்துப் பாடினார்கள்.
என் பட்டியலில் அது இனம் நாற்பத்தொன்று:
இடக்கை ஆட்டம்.

ஐப்பசி ஈரத்தில்
ஆட்டுக்குடல் நரம்புகள் தொய்ந்து தொய்ந்து இறங்க
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
பாசில் காதைச் சாய்த்து முறுக்குகிறான்.
அவர்கள் ஆதாரச் சுருதியே
இன்றைய சுருதிக்கு முழுசாய் ஒரு படி கீழே.
பழைய காலம் அங்கேதான் இருக்கிறதாம்.

கதை இவ்வளவுதான்:
கடல்தேவன் மகளுக்கு ஓலை வருகிறது.
பிரிக்கப் போகிறாள்.
பிரிக்கவில்லை.
கதை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நிற்க
பன்னிரண்டு பேர் ஆட வந்துவிட்டார்கள்.
"ஓலையில் என்னப்பா?" என்றேன்.
"ஆட்டத்துக்காகத்தான் சார் ஓலையே."

தலைவர் நீண்ட தடியால்
தரையை இடித்துத் தாளம் போட்டார்.
மேல்மாடியிலிருந்து முதல் வாதி சிகப்பி ஆச்சி:
"ஆத்தங்குடிக் கல்லு அது! ஒன்னு விண்டாலும்
பதினேழு புள்ளிக்கும் நட்டம்!"
சாக்கை நாலாய் மடித்துப் போட்டார்கள்.
அதன்பின் தாளம் காதுக்குக் கேட்கவில்லை.
காலுக்குக் கேட்டது.

கல்யாணமான ஒவ்வொரு தலைக்கட்டும்
இங்கே ஒரு புள்ளி.
கோயில் வரியும் புள்ளிக்கு, சண்டையும் புள்ளிக்கு.

சேவுகன் தாளைக் காட்டினான்.
எல்லாச் சுரமும் ஒரே அளவாய் எழுதியிருந்தது.
வாசித்தபோதோ ஒன்று நீளம், ஒன்று குறுகல்,
செருப்பு கடித்தவன் நடை.
"புள்ளி வைக்காமலே வைத்த மாதிரி வாசிப்பார்கள்.
எவ்வளவு நீட்டுவதென்று
எங்கேயும் எழுதி இருக்காது."

என் கட்டைத் திறந்தேன்.
பதினேழில் ஒன்று,
பதினேழில் ஒன்று,
பதினேழில் ஒன்று என்று
1961ஆம் வருஷத்துப் பத்திரம், முத்து முத்தான கையெழுத்து.
கிணறு மட்டும் கிழக்கே இருக்கிறது.
ஒழுகுகிற அறை மேற்கே.

அளவுநாடாவின் ஒரு முனை ஆச்சி கையில்.
மறுமுனை ஆறாம் பிரதிவாதி அடைக்கப்பன் கையில்.
ஒருவர் மட்டும் பிடித்தால் மற்றவர் ஒப்பமாட்டார்.
பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
இந்த ஐம்பதடி நெருக்கம்கூட
கடைசியாய் ஒரு கேதத்தில்.

நாடா இறுகிய நேரம் பார்த்து
ஆட்டம் எங்களை நோக்கி வந்தது.
நான்கு படி இறங்கும் அடிச்சுரம்.
இறங்கியது ஏறிப் பார்த்தவர் இல்லை,
மறுபடி மேலே நின்று இறங்கும்.
எலோதி குதிகால் செருப்போடு
நாடாவைத் தாண்டினாள், சாவி திருகுவதுபோல்
மணிக்கட்டைத் திருகிக்கொண்டு.
அவள் பின்னால் பதினொரு பேர்.
விட்டால் முதலிலிருந்து அளக்க வேண்டும்,
ஆகவே இருவரும் விடவில்லை.

மூன்றுக்கு ஒருமுறை,
சரியாய் அந்த முதல் அடியில்,
நாடா ஒரு விரற்கடை தாழ்ந்து நிமிர்ந்தது.
யார் கை என்று பார்த்தேன்.
ஆச்சி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அடைக்கப்பன் மழையை.

நாற்பத்தெட்டடி மூன்றங்குலம்.
மறுமுறை ஐந்தங்குலம்.
வேறுபாட்டுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
'மழை' என்று எழுதினேன்.
ஆச்சி தரப்பில் ஆட்சேபணை மனு வந்திருக்கிறது,
அடுத்த வாய்தா தை பிறந்து.

ஓலையைப் பிரித்தாளா, தெரியாது.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.