தளபதியின் இடது காது

மொன்டேவிடியோவில் அக்டோபர்.
கடல்போல் கிடக்கும் ஆற்றிலிருந்து காற்று.
ஏணி ஆடுகிறது.
"கெட்டியாப் பிடி, எதெல்வீனோ."
ஒரு கையில் ஏணி,
மறு கையில் மாத்தே குடுவை அவனுக்கு.

வெண்கலக் குதிரையின் பிட்டத்தில் கால் ஊன்றி
தளபதியின் மீசையில் எச்சம் சுரண்டுகிறேன்.
பதினோரு வருடமாக.
எந்தப் போர் என்பது மட்டும் மனதில் தங்குவதில்லை.

ஆற்றைப் பார்க்கிறார் என்பார்கள் வழிகாட்டிகள்.
இல்லை.
வாகன நிறுத்தத்துக்குத் தோண்டியபோது கழற்றி
மறுபடி வைத்தவர்கள்
ஒரு சாண் திருப்பிவிட்டார்கள்.
அவர் பார்ப்பது
எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடி,
பல் மருத்துவமனை.

வெள்ளிக்கிழமை கடைவாய்ப்பல் தாங்காமல்
நானே போய்ப் படுத்தேன் அந்த நாற்காலியில்.
வாய் பிளந்திருக்க, தாடை மரத்துப்போக,
ஜன்னல் நிறைய அவர்
வாளை உருவிக்கொண்டு
என்மேல் பாய வருகிறார்.

இடது காதுக்கும் தொப்பிக்கும் நடுவே
ஒரு புறா
சாவகாசமாகக் குச்சி செருகுகிறது.
ஏணியிலிருந்து ஒருநாளும் தெரியாத மூலை.

"வலிக்கிறதா?" என்றார் மருத்துவர்.
சிரிக்கப் பார்த்தேன், உதடு வரவில்லை.

திங்கட்கிழமை நகராட்சித் தாளில் எழுதினேன்:
இடது காது, சுத்தம் செய்தாயிற்று.